முதல் நாவலில் மலை ஏன் வரவில்லை? கீழ்ப்பழனி மலைக் குடும்பக் கதை எழுதும் ஒருவருக்குப் பதில்

கேள்வி கேட்டவர் மதுரையில் வளர்ந்து மதுரையிலேயே வேலை பார்ப்பவர். அம்மாவின் பிறந்த வீடு கீழ்ப்பழனி மலையில் இருக்கும் பண்ணைக்காட்டுப் பக்கம். தாத்தா, அம்மா, தான் என்று மூன்று தலைமுறைக் கதையை முதல் நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறார். படித்துப் பார்த்தவர்கள் எல்லாரும், "குடும்பம் நல்லா வந்திருக்கு, மலைதான் வரலை" என்கிறார்களாம். பனி, மேகம், அட்டை, குறிஞ்சி எல்லாம் எழுதியும் ஏன் வரவில்லை, இன்னும் வர்ணனை சேர்க்கலாமா என்று கேட்கிறார். மூன்று அத்தியாயங்களையும் அனுப்பியிருக்கிறார்.

சேர்க்க வேண்டாம். இருப்பதிலேயே பாதியை எடுத்துவிடலாம். உங்கள் நடை நன்றாக இருக்கிறது, தாத்தாவின் கோபமும் பாட்டியின் பிடிவாதமும் கண்முன் நிற்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்தை அப்படியே தூக்கி மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டில் வைத்தாலும் கதையில் ஒரு சண்டைகூட மாறாது. அதுதான் சிக்கல். மலைக் குடும்பத்தில் யார் யாருக்குக் கடமைப்பட்டவர், யார் எப்போது கல்யாணம் செய்துகொள்வது, யார் கீழே இறங்கிப் போய்விடுவது என்பதையெல்லாம் பயிரும் கடனும் பாதையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அவை மூன்றும் கதைக்குள் வந்துவிட்டால் பனியைப் பற்றி ஒரு வரி எழுதாவிட்டாலும் மலை வந்துவிடும்.

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த மலை கொடைக்கானல். அந்தக் கொடைக்கானல் உருவானதே மதுரையிலிருந்துதான். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்து மேலே போய் இரண்டு பங்களா கட்டினார்கள். அன்றிலிருந்து இங்கே இருப்பவர்களுக்கு மலை என்றால் ஓய்வு, ஏரி, குளிர். உங்கள் தாத்தாவின் மலை அதைவிட மிகப் பழையது. கீழ்மலைத் தாண்டிக்குடியில் பெருங்கற்காலக் கற்திட்டைகள், அதாவது இறந்தவர்களுக்குக் கற்பலகைகளால் கட்டிய நினைவிடங்கள், நிற்கின்றன. அங்கே மனிதர்கள் ஓய்வெடுக்கப் போகவில்லை, பிழைக்கப் போனார்கள். உங்கள் வர்ணனைகள் எல்லாம் ஓய்வெடுக்கப் போனவரின் கண்ணிலிருந்து வருகின்றன. தோட்டத்துக்காரர் காலையில் மேகத்தைப் பார்த்தால் காப்பி காயுமா என்றுதான் யோசிப்பார்.

சில தகவல்களையும் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது அத்தியாயத்தில் ஆடி மாதம் அடைமழை பெய்து பாதை அடைபடுகிறது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் என்று கிழக்கே சரியும் கீழ்மலைக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஆடியில் காற்றுதான் அதிகம். இது சின்னப் பிழை போலத் தெரியும். ஆனால் அந்தப் பெருமழை காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும் நேரத்தில் வருகிறது, பழம் உதிர்கிறது, களத்தில் கொட்டியது காயாமல் கிடக்கிறது. மழையை ஆடிக்குத் தள்ளும்போது ஒரு குடும்பத்தின் முழு வருஷக் கவலையையும் கதையிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள். அதே போல நீலக்குறிஞ்சியைப் பாட்டி வீட்டு வாசலில் பூக்க வைத்திருக்கிறீர்கள். அது கூட்டமாகப் பூப்பது மேல்மலைப் பக்கம். 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்து 2030. பாட்டியின் நாட்காட்டி வேறாக இருந்திருக்கும்: மாசி, பங்குனியில் வரும் பூமழை. அந்த ஒரு மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி மணந்து, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பூமழை தவறினால் அந்த வருஷக் காப்பி போச்சு. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தேதி சொல்வதற்குமுன் வானத்தைப் பார்த்த வீடுகள் அவை.

இனி காப்பிப் பணம். இதை உங்கள் முதல் அத்தியாயத்தின் முதுகெலும்பாக வைக்கச் சொல்வேன். 1940-களிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை காப்பி விளைவித்தவர் தன் காப்பியை நினைத்த ஆளுக்கு விற்க முடியாது. வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை மத்திய அரசின் காப்பி வாரியம் வைத்திருந்த பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். வாரியம் தரம் பார்த்துப் புள்ளி போட்டு ஒரு முன்தொகை கொடுக்கும். விற்பனை ஆக ஆக மீதி தவணையாக வரும். அதாவது உங்கள் தாத்தாவுக்குத் தன் விளைச்சலுக்கு மொத்தம் எவ்வளவு கிடைக்கும் என்பது பழம் பறித்த அன்று தெரியாது. கடைசித் தவணை எப்போது வரும் என்பதும் தெரியாது. பெரியம்மாவின் கல்யாணத்தை ஏன் இரண்டு முறை தள்ளிப் போட்டார்கள் என்று நாவலில் தாத்தாவின் கோபத்தைக் காரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள். கோபம் இருந்திருக்கலாம். தவணை வராததும் இருந்திருக்கும். தவணை வராத கோபம் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள், அந்த மனிதர் இன்னும் பெரிய மனிதராவார்.

அந்த இடைவெளியை நிரப்பியது கீழே இருக்கும் ஊர்கள். பட்டிவீரன்பட்டியிலும் வத்தலக்குண்டிலும் கடன் வாங்குவது, அறுவடையில் கழித்துக்கொள்வது, பிறகு அடுத்த வருஷத்துக்கும் வாங்குவது. பட்டிவீரன்பட்டி மலையடிவாரத்தில் காப்பியால் வளர்ந்த ஊர். சுயமரியாதை இயக்கத்தின் பெருந்தலைவர்களில் ஒருவரான டபிள்யூ. பி. ஏ. சவுந்தரபாண்டியன் அந்த ஊரின் காப்பித் தோட்டக் குடும்பத்தில் வந்தவர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். மலையில் விளைந்த காப்பி கீழே வீடாகி, பள்ளிக்கூடமாகி, அரசியலாகவும் ஆனது. உங்கள் தாத்தா தலைமுறையில் யாராவது ஒருவர் அந்தக் கூட்டங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, தாலியில்லாத கல்யாணம் என்று வீட்டில் பேச்செடுத்து அடி வாங்கியிருக்கலாம். அம்மாவிடம் விசாரித்துப் பாருங்கள்.

வாழை விஷயத்துக்கு வருவோம். மூன்று அத்தியாயத்திலும் மலைவாழை ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் பஞ்சாமிர்தத்தில். விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் 2008-ல் புவிசார் குறியீடு பெற்றன, பழனிப் பஞ்சாமிர்தம் 2019-ல் பெற்றது. இதெல்லாம் செய்தித்தாள் விஷயம். நாவலாசிரியருக்கு வேண்டியது அதற்கு முந்தைய அழிவு. கீழ்வாழை மாதிரி ஆண்டுக்கு ஆண்டு நடுவது இல்லை மலைவாழை. ஒருமுறை சரிவில் வைத்துவிட்டால் பக்கக் கன்று எடுத்துப் பல வருஷம் தார் போட்டுக்கொண்டே இருக்கும். காப்பிக்கு நிழலும் கொடுக்கும். காப்பிப் பணம் வாரியத்திடம் சிக்கிக் கிடக்கும்போது வாராவாரம் கையில் காசு கொடுத்தது இந்த வாழைதான். அரிசி, துணி, மருந்து எல்லாம் அதில்தான்.

1970-களில் முடிக்கொத்து நோய் கீழ்மலை வாழையைச் சாய்த்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் இது. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் ஒரு கொத்தாக நெருக்கிக்கொண்டு நிற்கும். மரம் உயிரோடுதான் இருக்கும், தார் வராது. மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்கும் போய்விடும். இதில் ஒரு நாவலுக்கான அத்தனையும் இருக்கிறது. பச்சையாக நிற்கும் மரத்தை வெட்டு என்று ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் மறுக்க வேண்டும். பக்கத்துத் தோட்டம் சித்தப்பாவுடையதாக இருந்தால்? அண்ணன் வெட்டவில்லை, தம்பி தோட்டம் போயிற்று என்றால் அந்த வீட்டில் எத்தனை வருஷம் பேச்சு இருக்காது? உங்கள் நாவலில் தாத்தாவும் அவர் தம்பியும் "ஏதோ மனஸ்தாபத்தால்" பேசிக்கொள்வதில்லை என்று ஒரு வரியில் கடந்திருக்கிறீர்கள். அந்த 'ஏதோ'வை எடுத்துவிட்டு அங்கே என்ன இருந்தது என்று தேடுங்கள். வாழை போன பிறகு வீட்டில் வாரக்காசு நின்றது. பிள்ளைகள் கீழே வேலைக்கு இறங்கத் தொடங்கினார்கள். உங்கள் அம்மா மதுரைக்கு வாழ்க்கைப்பட்ட வருஷத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பண்ணைக்காட்டுக்கு ஊத்து என்ற ஊர் வழியாகவும் போகலாம், சித்தரேவிலிருந்து பெரும்பாறை, தாண்டிக்குடி வழியாகச் சுற்றியும் வரலாம். உங்கள் பாத்திரங்கள் நினைத்த நேரத்தில் இறங்கி ஏறுகிறார்கள். கடைசி பஸ் போய்விட்டால் சண்டை போட்டவரும் அதே வீட்டில்தான் தங்கியாக வேண்டும், ஒரே அடுப்பைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்த வீடுகள் உண்டு. சுமை குதிரையில் போன காலம் உங்கள் தாத்தாவுக்கு நன்றாக நினைவிருந்திருக்கும். ஜீப் வந்தது யார் வீட்டுக்கு முதலில் என்பது ஊரில் யாருடைய சொல் எடுபட்டது என்பதையும் மாற்றியிருக்கும்.

நெல்சன் எழுதியதை இரண்டாம் அத்தியாயத்தில் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஜே. எச். நெல்சன் 1868-ல் வெளியிட்ட மதுரை நாட்டுக் கையேட்டில் மலையில் பயிர் செய்யும் குன்னுவர் சமூகத்தாரைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. ஆண் வாரிசில்லாமல் சொத்து மகளுக்கு இறங்கும் நிலை வந்தால், அவளை ஒரு சிறுவனுக்கோ, சில வேளை தகப்பன் வீட்டின் ஒரு பகுதிக்கோ மணம் முடித்து வைப்பார்கள், அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அந்தச் சொத்து சேரும் என்பது அவர் சொல்வது. நீங்கள் இதை ஒரு வினோத வழக்கமாக எழுதியிருக்கிறீர்கள், வாசகர் ஆச்சரியப்பட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அதில் இருப்பது நிலம் பற்றிய பயம். மலையில் திருத்திய நிலம் ஒருமுறை வேறு வீட்டுக்குப் போய்விட்டால் திரும்பாது, காட்டை மறுபடி திருத்தவும் முடியாது. அந்தப் பயத்துக்கு விலையாக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கட்டிவைத்தார்கள். நெல்சன் வெளியிலிருந்து வந்த அதிகாரி, தனக்குச் சொல்லப்பட்டதை எழுதினார். அவருடைய தொனியோடு அதை நாவலில் வைப்பது இன்று அங்கே வாழ்கிறவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. வைப்பதென்றால் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து எழுதுங்கள். முடியாதென்றால் அந்தப் பகுதியே வேண்டாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உங்கள் நாவலில் பழம் பறிப்பது யார்? காப்பிச் செடியின் கிளை வெட்டிக் கவாத்து செய்தது யார்? நிழல் மரம் கழித்தது யார்? மூன்று அத்தியாயத்திலும் "ஆட்கள்" என்று நான்கு இடத்தில் வருகிறது, ஒருவருக்கும் பெயர் இல்லை. பளியர், புலையர் என்ற மலைமக்கள் கீழ்மலையில் உங்கள் குடும்பத்துக்கு முன்பே இருந்தவர்கள். தேனும் கடுக்காயும் நெல்லியும் எடுத்தவர்கள் முன்பணம் வாங்கியதால் தோட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் போனார்கள். தாத்தா கீழே கடன் வாங்கினார் என்றால், தாத்தாவிடம் கடன்பட்டவர்கள் மேலே சாளையில், அதாவது குடிசையில், இருந்தார்கள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் எழுதினால் தாத்தா பாவப்பட்டவராகத் தெரிவார், முழுக்க எழுதினால்தான் உண்மையான ஆளாகத் தெரிவார். அவர்களுடைய மனத்துக்குள் புகுந்து எழுத உங்களுக்குத் தைரியம் வரவில்லை என்றால் பரவாயில்லை. ஒரு சிறுமி களத்தில் நின்று பார்ப்பதை எழுதலாமே. பெயரும் கூலியும் சாப்பிட்ட தட்டும் தனித்தனியாக இருந்ததை அவள் பார்த்திருப்பாள்.

முன்னோடிகளில் உங்களுக்கு உதவக்கூடிய நாலு பேரைச் சொல்கிறேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் முதல் நாவல் 'புத்தம் வீடு', 1964-ல் வந்தது. கதை பனைவிளையில் நடக்கிறது, மலையில் இல்லை. ஆனால் வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட லிஸி என்ற பெண்ணின் வழியாக, சரிந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பத்தையும் அந்த மண்ணின் பனையேற்றத் தொழிலையும் சேர்த்தே காட்டிவிடுகிறார். முதல் நாவல் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பார்வை ஒரு வீட்டுக்குள் இருந்தாலும் ஊர் முழுக்க வந்துவிடுகிறது. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' (1963) நீலகிரிப் படகர் குடும்பங்களின் கதை, குறிஞ்சி பூப்பதைக் காலக்கணக்காக வைத்துத் தலைமுறைகளைத் தாண்டிப் போகிறது. அவர் அந்தச் சமூகத்தில் பிறந்தவர் இல்லை, தங்கி, கேட்டு, உழைத்து எழுதினார். பாதி வெளியாளாகிய உங்களுக்கு அந்த உழைப்பு ஊக்கம் தரும். ச. பாலமுருகனின் முதல் நாவல் 'சோளகர் தொட்டி' (2004) சத்தியமங்கலம் மலையின் சோளகர் பழங்குடியைப் பற்றியது. அதில் பின்பாதியில் வரும், வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் கொடுமை நம்மை உலுக்குவதற்குக் காரணம், முன்பாதியில் அந்தத் தொட்டியின் (குடியிருப்பின்) விதைப்பும் வேட்டையும் தேனெடுப்பும் நமக்குப் பழகிப்போனதுதான்.

நாலாவது ஆள் உங்களுக்கு ரொம்பப் பக்கம். பி. ஆர். ராஜமையர் 1872-ல் வத்தலக்குண்டில் பிறந்தார், மலைக்கு ஏறும் பாதை தொடங்கும் அதே ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. அவருடைய ஒரே நாவல் அது. 26 வயதில் 1898-ல் போய்விட்டார். மதுரைச் சீமையில் ஒரு கிராமத்துக் குடும்பம், வம்பு பேசும் பெண்கள், அண்ணன் தம்பிக்குள் பிளவு. தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்று இந்த அடிவாரத்துக் குடும்பக் கதை. ஆனால் அந்த நாவலில் மலை இல்லை. அந்த ஊரிலிருந்து தலையைத் தூக்கினால் தெரிவது மலைதான், அங்கே வாழ்ந்தவர்களின் குடும்பக் கதை எழுதப்படாமல் இருந்தது. நீங்கள் எழுதப்போவது அந்த இடத்தை என்று நான் முழுமனதோடு நம்புகிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேச்சு நடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாரையும் மதுரைப் பேச்சில் பேச வைத்திருக்கிறீர்கள். கீழ்மலையில் கொங்குப் பக்கமிருந்து ஏறியவர், கம்பம் பக்கமிருந்து வந்தவர், கிழக்கிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் எல்லாரும் உண்டு. பாட்டி எந்தப் பக்கத்துப் பெண் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அவருடைய வாய்மொழி தாத்தாவுடையதிலிருந்து கொஞ்சமாவது விலகட்டும். கொச்சையைக் கூட்ட வேண்டாம். சாளை, களம், கவாத்து, பொதி மாதிரியான தொழில் சொற்கள் விளக்கமில்லாமல் இயல்பாக வந்தாலே போதும், மதுரை வாசகர் புரிந்துகொள்வார்.

கடைசியாக மூன்றாம் அத்தியாயம், மாமா நிலத்தை விற்கும் பகுதி. 2001, 2002 வாக்கில் உலகம் முழுக்கக் காப்பி விலை படுத்துவிட்டது. வாரியத் தொகுப்பு முடிந்து சந்தை திறந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது, தாங்கிப் பிடிக்க ஆளில்லை. மாமா ஏன் விற்றார் என்பதற்கு அவருடைய பேராசையை மட்டும் காரணமாக வைக்காதீர்கள். அப்புறம், அம்மா கையெழுத்துப் போடும் காட்சி. அம்மாவை மாமா ஏமாற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், எதை ஏமாற்றினார் என்று தெளிவில்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை வந்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. அவர்களுக்கும் சேர்த்து வழி திறந்தது 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம். தாத்தா தானே சம்பாதித்து வாங்கிய நிலம் என்றால் கதை வேறு. உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால் 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சமபங்கு உண்டு. ஆக, அம்மாவுக்கு எந்த வருஷம் கல்யாணம், தாத்தா எப்போது இறந்தார், நிலம் திருத்தியதா வாங்கியதா, பட்டா யார் பெயரில் என்பதைப் பொறுத்து பங்கை விட்டுக்கொடுத்து அம்மா கையெழுத்திட்ட அந்த விடுதலைப் பத்திரத்தின் அர்த்தமே மாறும். 1989-க்கு முன் கல்யாணமான பெரியம்மாவுக்கு 2005 வரை பிறப்புரிமை இல்லை, பின் கல்யாணமான சித்திக்கு உண்டு என்று இரண்டு சகோதரிகள் ஒரே வீட்டில் இருந்தால், அந்த இருவருக்குள் என்ன நடந்திருக்கும்?

பழைய பத்திரங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். திண்டுக்கல் மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1985-ல். அதற்கு முந்தைய காகிதங்களில் எல்லாம் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கும், தேடும்போது குழம்ப வேண்டாம். பாத்திரங்களின் பெயரையும் வீட்டுப் பெயரையும் இந்த வரைவிலேயே மாற்றிவிடுங்கள், அச்சுக்குப் போகும்போது மாற்றினால் எங்காவது ஒன்று தப்பி நின்றுவிடும். மாமா உயிரோடு இருக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தை வெளியாட்கள் படிப்பதற்குமுன் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் நிறுத்தச் சொல்லும் இடங்களைக் குறித்து அனுப்பினால், அவற்றை நாம் சேர்ந்து பார்க்கலாம்.